லிங்கியில் பிரேம், சிரம்பானில் போர்க்கு

லிங்கி
10 மே 1942

ஹுமாயூன் பாய் அவர்களுக்கு,

தோட்டத்துக் கிராணி திருநாவுக்கரசு எழுதுவது. எழுதவே கூடாது என்றுதான் இத்தனை மாதம் இருந்தேன். நம் தோட்டத்து லாரி ஓட்டும் சன்னாசி ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு சிரம்பானுக்கு வருகிறான். தபாலில் போட்டால் யார் யாரோ பிரித்துப் படிக்கிறார்கள். அதனால் அவன் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

ஜனவரியில் துரைமார் எல்லாரும் சிங்கப்பூர்ப் பக்கம் ஓடியபோது, பெரிய துரை தம்முடைய பழைய ஹம்பர் சைக்கிளை என்னிடம் விட்டுப் போனார். திரும்பி வந்தால் கொடு, வராவிட்டால் நீயே வைத்துக்கொள் என்றார். நான் திருடவில்லை. கேட்டும் வாங்கவில்லை. அதற்கு நீங்கள் சிரம்பானிலிருந்து லிங்கி வரைக்கும் மிதித்து வந்து, என் வாசலில் நின்று, "பத்து வருஷமா நான் கெஞ்சின சைக்கிள ஒரே நாள்ல முழுங்கிட்டீரே" என்று தெருவே கேட்கும்படி சத்தம் போட்டீர்கள். வள்ளியம்மா கலக்கி வைத்த காபி ஆறிப்போயிற்று. நீங்கள் அதைத் தொடவில்லை. அண்ணன் அண்ணன் என்று உங்களைக் கூப்பிடுகிற என் மனைவி அன்றைக்கு அழுதாள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

சரி, அது போகட்டும். அந்த சைக்கிளின் பிரேம் என்னிடம் இருக்கிறது. ஆனால் அதற்குச் சொந்தமான, முன்சக்கரத்தைத் தாங்குகிற முன்போர்க்கு உங்களிடம் இருக்கிறது. துரை பாலத்தில் மோதி அது வளைந்தபோது, நிமிர்த்தித் தரச்சொல்லி உங்கள் சைக்கிள் கடைக்கு அனுப்பினார். அவசரத்துக்கு வேறு ஒரு சாதாரணப் போர்க்கைப் போட்டுக்கொண்டு ஓட்டினார். பிறகு அவரும் கேட்கவில்லை, நீங்களும் கொடுக்கவில்லை. உலகத்தில் உள்ள சைக்கிளுக்கெல்லாம் முன்சக்கரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கம்பி, அந்தப் பக்கம் ஒரு கம்பி. ஹம்பருக்கு மட்டும் இரண்டிரண்டாக நாலு. அது இல்லாத ஹம்பர், ஹம்பரே இல்லை என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள்தான். போர்ட்டிக்சனிலிருந்து பெடாஸ் வரை ஞாயிற்றுக்கிழமைதோறும் நாம் இருவரும் பழைய சைக்கிள் தேடி அலைந்தபோது எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்.

போர்க்கைச் சன்னாசியிடம் கொடுத்தனுப்புங்கள்.

திருநாவுக்கரசு


சிரம்பான்
2 ஜூன் 1942

கிராணியார் திருநாவுக்கரசுக்கு,

ஹுமாயூன் சலாம். சலாம் மட்டும்தான் அனுப்ப முடியும். போர்க்கு வராது.

உம்முடைய கடிதத்தில் பிரேம் உம்முடையது என்று எழுதியிருக்கிறீர். இருக்கட்டும். ஆபீசில் துரை பக்கத்தில் உட்கார்ந்து கணக்கு எழுதினீர், அவர் ஓடுகிற அவசரத்தில் கண்ணில் பட்டவர் நீர், கொடுத்துவிட்டார். நான் அந்த சைக்கிளுக்கு எத்தனை தடவை செயின் மாற்றியிருப்பேன், எத்தனை தடவை பெடல் கழற்றிக் கழுவியிருப்பேன். ஒவ்வொரு தடவையும், "துரை, விக்கிறதா இருந்தா என்கிட்ட சொல்லுங்க" என்று கேட்டேன். அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் பத்து வருஷம் பொறுத்துக்கொண்டேன். நீர் ஒரு நாள் கேட்டதில்லை. உமக்கு வந்துவிட்டது. என் வயிறு எரியாமல் வேறு யார் வயிறு எரியும்?

இன்னொன்று. சன்னாசி வாய் சும்மா இருக்காது. நீர் அந்தப் பிரேமுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்திருக்கிறீராம். கூலிகள் குடியிருக்கிற லயத்துக் கதவுக்கு அடிக்கிற பச்சையாம். கேட்டதும் ஸ்பேனரைக் கீழே போட்டேன். கையில் பிள்ளை கிடைத்தது என்று மொட்டை அடித்து விளையாடுவது போல இருக்கிறது. இதற்குத்தான் சொல்கிறேன், அந்த சைக்கிள் உம்மிடம் இருக்கவேண்டியதில்லை.

இங்கே நிலவரம் நல்லதாக இல்லை. ஜப்பான் சிப்பாய்கள் வந்த முதல் வாரத்திலேயே ஓடுகிற சைக்கிளை எல்லாம் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நான் சேர்த்துவைத்த பழையவை கழற்றிப்போட்ட நிலையில் இருந்ததால் இரும்புக் குப்பை என்று விட்டுவிட்டார்கள். இப்போது அவர்களுடைய சைக்கிள்களைத்தான் ரிப்பேர் செய்கிறேன். காலையில் குனிந்து வணங்குகிறேன், பிறகு பஞ்சர் ஒட்டுகிறேன். போர்க்கு பத்திரமான இடத்தில் இருக்கிறது. எங்கே என்று எழுதமாட்டேன்.

பிரேமை அனுப்பும். நான் ஒழுங்காகச் செய்து முடித்ததும் வந்து பார்த்துவிட்டுப் போகலாம். ஓட்டக்கூட விடுவேன், கடை வாசல் வரைக்கும்.

ஹுமாயூன்


லிங்கி
20 செப்டம்பர் 1942

ஹுமாயூன் பாய்,

கடை வாசல் வரைக்கும் என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியை வள்ளியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் சிரித்துவிட்டாள். "அண்ணன் மாறவே இல்ல" என்கிறாள். நான் கோபமாக இருக்கும்போது வீட்டில் உங்களுக்கு ஒரு சிரிப்பு கிடைக்கிறது. இதையும் உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

பச்சைப் பெயின்ட் நான் ஆசைப்பட்டு அடிக்கவில்லை. கருப்பாகத் துரை சைக்கிளாகவே இருந்தால் சிப்பாய்கள் கண்ணில் படும். தோட்டத்து ஓட்டை சைக்கிள் மாதிரித் தெரியட்டும் என்றுதான் அடித்தேன். இரண்டு தடவை ஆபீசுக்கு வந்தார்கள், இரண்டு தடவையும் திரும்பிப் பார்க்காமல் போனார்கள். சிரம்பானில் உட்கார்ந்துகொண்டு மொட்டை, விளையாட்டு என்று எழுதுகிறவருக்கு இது எங்கே தெரியும்?

ஆனால் நீங்கள் எழுதிய பிறகு எனக்கு அந்தப் பச்சையைப் பார்க்கப் பிடிக்கவில்லை. மண்ணெண்ணெய் கிடைக்காது. சுண்ணாம்பையும் அடுப்புச் சாம்பலையும் குழைத்துப் பூசி, ஈரச் சாக்கு சுற்றி வைத்தேன். மறுநாள் தேங்காய் நாரால் தேய்த்தேன். பச்சை உரிந்தது. அதன் கீழே கருப்பு. அந்தக் கருப்புக்கு மேல் என்ன இருந்தது தெரியுமா? தங்கக் கோடு. மேல்குழாயில் இரண்டு, கீழ்க்குழாயில் இரண்டு, மயிரிழை மாதிரி. துரை காலத்தில் மண்ணும் எண்ணெயும் அப்பியிருந்ததால் நீங்களும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. கை எரிந்து தோல் உரிந்துவிட்டது. வள்ளியம்மா மஞ்சள் வைத்துக் கட்டினாள். எனக்கு வலிக்கவில்லை.

சொல்லவேண்டும் என்பதற்காகச் சொன்னேன். வேறு ஒன்றும் இல்லை.

சன்னாசி சொல்கிறான், உங்களிடம் புதிதாக ஒரு கார்பைட் விளக்கு வந்திருக்கிறதாம். பித்தளை, பச்சைக் கண்ணாடி, கண்ணாடியில் கீறல்கூட இல்லையாம். எங்கே கிடைத்தது? அது ஹம்பருக்கு ஏற்ற விளக்கு என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் வாங்கியிருக்கிறீர்கள். போர்க்கு உங்களிடம், விளக்கு உங்களிடம். என்னிடம் இருப்பது நடுவில் உள்ள குழாய்கள் மட்டும் என்று ஆக்கப் பார்க்கிறீர்கள்.

திருநாவுக்கரசு


சிரம்பான்
8 அக்டோபர் 1942

கிராணியாரே,

தங்கக் கோடு என்று எழுதினீர். படித்துவிட்டுக் கடையை மூடிவிட்டேன். மதியம் வரை திறக்கவில்லை.

நீர் எனக்கு எரிச்சல் உண்டாக்கத்தான் எழுதினீர், எனக்குத் தெரியும். உண்டாகிவிட்டது, சந்தோஷப்படும். இப்போது ஒரு காரியம் செய்யும். கோடு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது, சீட்டுக்குக் கீழே வளைகிறதா நேராக நிற்கிறதா, பழுப்பா மஞ்சளா, எல்லாம் எழுதும். ஏனென்றால் என்னிடம் உள்ள போர்க்கிலும் கோடு இருக்கிறது. நான் அதை மறைத்துவைத்திருந்தேன். உமக்குத் தெரிந்தால் தூங்கமாட்டீர் என்று நினைத்தேன். இப்போது நான் தூங்கவில்லை.

சாம்பலை இன்னொரு தரம் போடாதீர். இரும்பைத் தின்னும். நல்ல தண்ணீரில் கழுவி, தேங்காயெண்ணெய் தொட்டுத் துடையும். சொல்லவே கூடாது என்று இருந்தேன். பிரேம் பாவம்.

என் வீட்டில் இருந்து கடிதம் வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. மனைவி ஹபீபுன்னிசா ஊரில், தோப்புத்துறையில் இருக்கிறாள், கப்பல் இல்லை. நான் உயிரோடு இருக்கிறேனா என்று அவளுக்குத் தெரியாது. உமக்கு மனைவி கையில் மஞ்சள் வைத்துக் கட்டுகிறாள். அதையும் எழுதியிருந்தீர். தங்கக் கோட்டைவிட அந்த வரிதான் எனக்கு அதிகம் எரிந்தது. இதை எழுதிவிட்டு அடிக்கலாமா என்று யோசித்தேன், காகிதம் வீணாகும் என்று விட்டுவிட்டேன்.

விளக்கு ஒரு சீனக் கிழவரிடம் மரவள்ளிக் கிழங்குக்கு மாற்றினேன். ஹம்பருக்குத்தான்.

ஹுமாயூன்


லிங்கி
14 மார்ச் 1943

ஹுமாயூன் பாய்,

சன்னாசி இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். போன மாதம் தோட்டத்துக்கு இரண்டு லாரி வந்தது. சயாமில் ரயில் பாதை போடுகிற வேலை, அரிசி கிடைக்கும், மூன்று மாதத்தில் திரும்பலாம் என்றார்கள். சன்னாசி லாரிக்காரன்தானே என்று கூட நின்று வேடிக்கை பார்த்தான். அவனையும் ஏறச்சொன்னார்கள். ஏறும்போது என்னைப் பார்த்து, "ஐயா, வீட்ல சொல்லிருங்க லா, மழைக்கு முந்தி வந்துருவேன்" என்றான். சிரித்துக்கொண்டுதான் போனான்.

அதனால் இந்தக் கடிதத்தை வள்ளியம்மாவே கொண்டுவருகிறாள். பிள்ளை மயிலுக்கு விட்டு விட்டுக் காய்ச்சல். சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு ஏற்கெனவே ஒருமுறை அழைத்துப்போனாள். எனக்கு ஆபீசை விட்டு நகர அனுமதி இல்லை.

அந்த முறை அவள் உங்கள் கடையில் உட்கார்ந்து போனதாகச் சொன்னாள். நீங்கள் எங்கிருந்தோ கொயினா மாத்திரை வாங்கிக் கொடுத்தீர்களாம். பிள்ளைக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தீர்களாம். பெல் ஒன்றை மயில் கையில் கொடுத்து அடிக்கவிட்டீர்களாம். வந்ததில் இருந்து வீட்டில் உங்கள் பேச்சுத்தான். "அண்ணன் கடைய எவ்வளவு சுத்தமா வச்சிருக்காரு. ஒவ்வொரு ஆணியும் ஒரு டப்பாவுல. நீங்களும் இருக்கீங்களே" என்கிறாள். மயில் என்னைப் பார்த்து, "அப்பா, ஒங்ககிட்ட பெல் இல்லையா" என்று கேட்கிறது. போர்க்கும் விளக்கும் போதவில்லை, என் வீட்டுக்குள்ளேயும் வந்துவிட்டீர்கள்.

மாத்திரைக்கு நன்றி சொல்லவேண்டும், தெரியும். பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கியது. ஆனால் நான் வாங்கிக் கொடுத்திருக்கவேண்டிய மாத்திரை அது. இந்த முறை மாத்திரை வேண்டுமானால் எனக்குச் சொல்லியனுப்புங்கள், நான் வழி பார்த்துக்கொள்கிறேன். அவள் உங்கள் கடையில் உட்காரவேண்டாம்.

திருநாவுக்கரசு


சிரம்பான்
14 மார்ச் 1943

கிராணியாரே,

உமது மனைவி பக்கத்தில் நிற்கும்போதே இதை எழுதுகிறேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்கள். சைக்கிள் விஷயம் என்றேன்.

உட்காரவில்லை. வாசலிலேயே நின்றார்கள். பிள்ளைதான் உட்கார்ந்தது. மாத்திரை கொடுத்தேன், வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றார்கள், நீர் சொல்லியிருப்பீர் போல. பிள்ளையின் மடியில் வைத்துவிட்டேன். காய்ச்சலுக்கு உம்முடைய மானம் தெரியாது.

நீர் என்மேல் சந்தேகப்பட்டது பற்றிக் கோபம் வரவில்லை. போன தடவை அவர்கள் உள்ளே வந்து, "அண்ணே, சாப்ட்டீங்களா" என்று கேட்டபோது, சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். என்னை அப்படி ஒருவர் கேட்டு எத்தனை காலம் ஆகிறது. உம்மைத் தினமும் கேட்கிறார்கள், உமக்கு அது காதில் விழுவதே இல்லை. பொறாமைப்பட்டேன். ஆனால் அது உம்மேல்தான். அவர்கள் எனக்குத் தங்கச்சி.

இங்கே ஒரு ஜப்பான் அதிகாரி தினமும் கடைக்கு வருகிறான். பெயர் மொரிதா. தோட்டங்களில் இருந்து சயாமுக்கு ஆள் அனுப்புகிற ஆபீசில் இருக்கிறான். அவனுடைய தகப்பன் ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்தானாம். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, என் கையில் இருந்து ஸ்பேனரை வாங்கிச் சக்கரத்தைத் தானே நேராக்குகிறான். அவன் கை நல்ல கை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

ஹுமாயூன்


சிரம்பான்
11 ஜூன் 1943

கிராணியாரே,

பிரேமை உடனே அனுப்பும். பெடல், சீட், பின்சக்கரம் எல்லாம் சேர்த்து. காரணம் கேட்கவேண்டாம். இதைக் கொண்டுவருகிற ஆள் யார் என்று எனக்குச் சரியாகத் தெரியாது, அதனால் எழுதமுடியாது. தாமதம் செய்யவேண்டாம். என்மேல் எத்தனை கோபம் இருந்தாலும் இந்த ஒரு தடவை நான் சொன்னபடி செய்யும்.

ஹுமாயூன்


லிங்கி
15 ஜூன் 1943

ஹுமாயூன் பாய்,

காரணம் எழுதமுடியாதாம், பிரேமை மட்டும் அனுப்பவேண்டுமாம். நான் கிராணிதான், முட்டாள் இல்லை.

உங்கள் கடைக்கு வந்துபோகிற அந்த மொரிதா சைக்கிள் கடைக்காரன் பிள்ளை என்று நீங்களே எழுதினீர்கள். அவனுக்கு ஒன்று செய்து கொடுத்தால் உங்களுக்கு அரிசி வரும், பாஸ் வரும், கடைக்குப் பயம் இருக்காது. அதற்கு என் பிரேம் வேண்டும். அல்லது அவன் பேரைச் சொல்லி வாங்கி நீங்களே வைத்துக்கொள்ளப் பார்க்கிறீர்கள். இரண்டில் எது என்று தெரியவில்லை. இரண்டும் ஒன்றுதான்.

நான் கோடு கோடாகத் துடைத்து வைத்திருக்கிறேன். பின்சக்கரத்துக்கு டயர் கிடைக்காமல், ரப்பர் ஷீட்டை நீளமாக வெட்டி மடித்து, ரிம்மில் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறேன். ஒவ்வொரு ஆரக்கம்பியும் என் விரலுக்குத் தெரியும். அது வராது.

நாளையில் இருந்து கொஞ்ச நாள் பெடாஸ் பக்கத்துத் தோட்டத்தில் கணக்கு எழுதப் போகச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே கிராணி மாயாண்டி தனியாகத் திண்டாடுகிறாராம். அங்கே எனக்கு எழுதவேண்டாம். எங்கேயும் எழுதவேண்டாம்.

திருநாவுக்கரசு


லிங்கி
9 ஜூலை 1943

ஹுமாயூனுக்கு,

பாய் என்று எழுதக் கை வரவில்லை.

பெடாஸில் இருந்து வந்து பார்த்தேன். ரப்பர் ஷீட் உலர்த்துகிற புகைவீட்டில் சாக்குக்கு அடியில் வைத்திருந்த பிரேம் இல்லை. வள்ளியம்மாவைக் கேட்டேன். "அண்ணன் கேட்டாரு, குடுத்துட்டேன்" என்றாள். ஏன் என்றேன். "கேக்காதீங்க. சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிருக்கேன்" என்றாள். என் வீட்டில், என் மனைவி, உங்களுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறாள். நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அவளும் சாப்பிடவில்லை. இரண்டு நாள் பேசவில்லை.

நேற்று ரப்பர் லாரியில் சிரம்பானுக்கு வந்தேன். உங்கள் கடைக்கு வரத்தான் வந்தேன். மார்க்கெட் திருப்பத்தில் அதைப் பார்த்தேன்.

சாலையில் எல்லாரும் குனிந்து நின்றார்கள். நானும் குனிந்தேன். குனிந்தபடியே பார்த்தேன். நாலு கம்பிப் போர்க்கு. பித்தளை விளக்கு. தங்கக் கோடு பிரேமில் தொடங்கிப் போர்க்கில் இறங்கி ஓடுகிறது, இடையில் வெட்டே தெரியவில்லை. அதன்மேல் ஒரு ஜப்பான் அதிகாரி உட்கார்ந்து, முதுகை நிமிர்த்தி, மெதுவாக மிதித்துக்கொண்டு போனான். சத்தமே இல்லை. செயின் சத்தம்கூட இல்லை. அவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறீர்கள்.

உங்கள் கடைக்கு எதிர்ப்புறம் வரை நடந்து வந்தேன். நீங்கள் உள்ளே உட்கார்ந்து ஏதோ தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். உள்ளே வந்தால் என்ன செய்வேனோ என்று பயந்து திரும்பிவிட்டேன்.

விற்கிறதாக இருந்தால் எனக்கு ஒரு தடவை காட்டிவிட்டு விற்றிருக்கலாம். முழுசாக, பக்கத்தில் நின்று, ஒரு தடவை. அதுகூட எனக்கு இல்லையா?

திருநாவுக்கரசு


சிரம்பான்
18 ஜூலை 1943

கிராணியாரே,

தங்கச்சி இன்று மயிலைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அவர்கள் கையில் கொடுப்பதால் எல்லாவற்றையும் எழுதுகிறேன். படித்ததும் எரித்துவிடும்.

மே கடைசியில் மொரிதா கடையில் உட்கார்ந்திருந்தபோது, சயாமில் கணக்கு எழுத ஆள் போதவில்லை, தோட்டத்துக் கிராணிகளையும் அனுப்பப்போகிறோம் என்றான். யார் யார் என்று விளையாட்டாகக் கேட்பதுபோலக் கேட்டேன். லிங்கி என்றான். உம்முடைய பெயரை அவனால் சொல்லமுடியவில்லை. திரு, திரு என்றான்.

அங்கே போன ஒருவரும் இன்னும் திரும்பவில்லை. அது உமக்கும் தெரியும்.

நான் பரணில் ஏறிப் போர்க்கை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். இத்தனை நாள் ஒருவர் கண்ணிலும் காட்டாதது. அவன் அதைக் கையில் வாங்கினான். விரலால் கோட்டைத் தடவினான். கோடு கோடாகத் துடைத்ததாக நீர் எழுதியிருந்தீரே, அதே மாதிரி. இதன் மற்ற பாதி ஒரு கிராணியிடம் இருக்கிறது, அவன் சயாமுக்குப் போனால் அது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது என்றேன். அவனுக்குப் புரிந்தது. முழுசாகக் கொண்டுவா, பார்க்கலாம் என்றான்.

உமக்கு எழுதினேன். நீர் என்ன பதில் எழுதினீர் என்று உமக்கே தெரியும். நீர் பெடாஸுக்குப் போனதும் தங்கச்சி வந்தார்கள். நான் சொன்னேன். "எப்ப வேணும்ண்ணே" என்று மட்டும் கேட்டார்கள். மரவள்ளி மூட்டைகளுக்கு நடுவில் வைத்து அவர்களே கொண்டுவந்தார்கள். உமக்குச் சொல்லவேண்டாம் என்று சத்தியம் வாங்கியது நான்தான். தெரிந்தால் உமக்கு மானம் வரும், நேரே ஆபீசுக்குப் போய், நான் போகிறேன் என்று நிற்பீர். உம்மை எனக்குத் தெரியும்.

உம்முடைய பெயரை எடுத்துவிட்டான். உமக்குப் பதிலாக யாரையாவது அனுப்பித்தான் இருப்பான். யாரை என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

இப்போது வேறு ஒன்று சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் நான் நல்லவன் போல ஆகிவிடுவேன்.

பிரேம் வந்ததும் கடையை உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டு வேலை செய்தேன். உம்முடைய ரப்பர் டயரைக் கழற்றிப் பார்த்தேன். நல்ல வேலை. ஒன்றும் மாற்றவில்லை. போர்க்கைச் சொருகியபோது அது தானாகவே போய் உட்கார்ந்தது, வீட்டுக்குத் திரும்பினவன் மாதிரி. மொரிதா மாலையில் வருவதாகச் சொல்லியிருந்தான். மத்தியானம் வேலை முடிந்துவிட்டது.

நான் அதை ஓட்டினேன். யாரிடமும் கேட்கவில்லை. ராசா வீதியா, ரயில் பாதை ஓரமா, எங்கே ஓட்டினேன் என்று எழுதமாட்டேன். எப்படி ஓடியது என்றும் எழுதமாட்டேன். பத்து வருஷம் கேட்டவன் நான். அந்த ஒரு மத்தியானம் என்னுடையது. உமக்கு உயிர் இருக்கிறது, மனைவி இருக்கிறார்கள், பிள்ளை இருக்கிறது. இது மட்டும் எனக்கு இருக்கட்டும்.

ஹுமாயூன்


லிங்கி
1 ஆகஸ்டு 1943

பாய்,

உங்கள் கடிதத்தைப் படித்தேன். பிறகு அடுப்படிக்குப் போனேன். வள்ளியம்மா கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எழுதிட்டாரா" என்றாள். ஆமாம் என்றேன். "அப்ப சாப்புடுங்க" என்றாள். அன்றைக்கு நாங்கள் சேர்ந்து சாப்பிட்டோம்.

எனக்குப் பதிலாகச் சயாமுக்குப் போனது மாயாண்டி. பெடாஸ் கிராணி. நான் அங்கே கணக்கு எழுதினபோது எனக்குத் தம் பாயைக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தவர். போன வாரம் போய் அவர் மனைவி செல்லத்தைப் பார்த்தேன். "நீங்க எப்பிடி தப்பிச்சீங்க" என்று அந்த அம்மா கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது. கொண்டுபோன கிழங்கை வைத்துவிட்டு வந்தேன். இனி மாதாமாதம் போவேன். அதைத் தவிர என்ன செய்யமுடியும் என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

உங்களுக்கு நன்றி என்று ஒரு கடிதம் எழுதினேன். படித்துப் பார்த்தபோது வேறு யாரோ வேறு யாருக்கோ எழுதியது போல இருந்தது. கிழித்துப்போட்டேன். உண்மையைச் சொல்கிறேன். நீங்கள் எனக்கு உயிர் கொடுத்திருக்கிறீர்கள். என் பிள்ளைக்குத் தகப்பனைக் கொடுத்திருக்கிறீர்கள். இது தெரிந்த பிறகு உங்கள்மேல் இருந்த எரிச்சல் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. காலையில் எழுந்ததும் முதலில் வருகிற நினைப்பு, ஹுமாயூன் பாய் அதை ஓட்டிவிட்டார் என்பதுதான். கை உரியத் தேய்த்தவன் நான். ஒரு மிதிகூட மிதிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் மாயாண்டி நினைவு வருகிறார், பிறகு வெட்கம் வருகிறது. என்ன மனுஷன் நான் என்று நினைத்துக்கொண்டே ஆபீசுக்குப் போகிறேன்.

வள்ளியம்மாவிடம் இதைச் சொன்னேன். அவள் கோபப்படுவாள் என்று பார்த்தேன். "அண்ணன்கிட்ட கேளுங்க, எப்பிடி ஓடுச்சுன்னு. ஒங்களுக்குச் சொல்லாம வேற யாருக்குச் சொல்லப் போறாரு" என்கிறாள்.

அதனால் கேட்கிறேன். எழுதமாட்டேன் என்றீர்கள், எழுதவேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை லாரியில் இடம் சொல்லிவைத்திருக்கிறேன், மூன்று பேரும் வருகிறோம். கடையை உள்பக்கம் தாழ்ப்பாள் போடுங்கள். எந்தத் தெரு, முதல் மிதியில் முன்சக்கரம் எந்தப் பக்கம் இழுத்தது, மேட்டில் எப்படி ஏறியது, இறக்கத்தில் கையை விட்டீர்களா இல்லையா, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லவேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து வயிறெரியக் கேட்பேன்.

திருநாவுக்கரசு